பதினொன்றாவது மூன்றாம் நாள்

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். முழங்கால்களும் நலம். உங்கள் நலமும், துணைத் தலைமையாசிரியையாக நீங்கள் அடிக்கும் பள்ளி மணியின் நலமும் அறிய ஆவல். இன்று வியாழக்கிழமை. நம் கணக்கில் மூன்றாம் நாள்.

நேற்றும் மூன்றாம் நாள்தான். முந்தாநாளும்.

முந்தைய பத்துக் கடிதங்கள் கிடைத்தனவா என்று தெரியவில்லை. கிடைக்காதிருந்தால், சுருக்கம் இதுதான். நீங்கள் தபாலில் அனுப்பிய கால அட்டவணை வந்து சேர்ந்தது. பதினெட்டு வருடமாக ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டங்களுக்குள் அடைத்து வைத்திருக்கும் அதே கையெழுத்து. ஆறு நாள், நாளுக்கு ஏழு பீரியட். அடியில் சிவப்பு மையில் ஒரு விதி: "இடையூறு நேர்ந்த நாள் கணக்கில் வராது. மறுநாள் அதே நாளை முதலிலிருந்து தொடங்கவும்." நவீன நாவலில் கவனச் சிதறல் என்ற தலைப்பில் ஆறு வருடமாக ஆய்வு செய்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து கிடையாது. கடைசி அத்தியாயம் ஒன்றுதான் பாக்கி. நாளை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பல்கலைக்கழகப் பதிவேட்டிலிருந்து என் பெயரை அடித்துவிடுவார்கள். ஆகவே அட்டவணையை மேசைக்கு மேல் ஒட்டினேன். கீழ்ப்படிந்தேன்.

கடுமையான அட்டவணை. மூன்றாம் நாளின் முதல் பீரியட்: முழங்காலுக்குத் தைலம். எனக்கு வயது முப்பத்து மூன்று. முழங்காலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கேள்வி கேட்கவில்லை. ஒழுங்கு காரணம் சொல்லாது என்று என் காதைத் திருகிக்கொண்டே கற்றுத் தந்தவர் நீங்கள். இரண்டாம் பீரியட்: பல் செட்டைக் கழுவுதல். இதில்தான் சற்றுத் தடுமாறினேன். என்னிடம் பல் செட் இல்லை. பிறகு விளங்கியது. இல்லாத ஒன்றை அக்கறையோடு கழுவுவது உயர்ந்த கவனப் பயிற்சி. ஒரு காலிக் கிண்ணம், ஒரு பழைய பிரஷ், நாற்பது நிமிடம். மூன்றாம் பீரியட்: கைத்தடியுடன் மெதுநடை. நான்காவது: பகல் உறக்கம், யார் வந்தாலும் கதவு திறக்கக் கூடாது. ஐந்தாவது: செய்தித்தாள், உரக்க. ஆறாவது: உறவினருக்குக் கடிதம். ஏழாவது: சும்மா உட்கார்ந்திருத்தல். இதில் மட்டும் எனக்கு ஆறு வருட முன்னனுபவம் உண்டு.

"எழுத்து வேலை" என்ற கட்டம் நான்காம் நாளில்தான் வருகிறது. அதுவரை ஆய்வேட்டில் ஒரு வரி எழுதவில்லை. உங்கள் மேல் ஆணை.

சனி முதல் நாள், ஞாயிறு இரண்டாம் நாள், இரண்டும் வெண்ணெயில் கத்தி போனதுபோல் போயின. திங்கட்கிழமை மூன்றாம் நாள் பிறந்தது, மேல்வீட்டுச் சலவை இயந்திரம் உடைந்தது, தண்ணீர் கூரை வழியே இறங்கி நேராக என் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் சொட்டியது, வாளி வைத்தேன், நான்காம் பீரியடில் குழாய் ரிப்பேர்காரர் வந்து கதவைத் தட்டினார்.

"சார், மேல்வீட்டுத் தண்ணி உங்க வீட்ல இறங்குதாமே?"

"ஆமாங்க. ஆனா இப்ப நான் தூங்கிட்டிருக்கேன்."

"தூங்குறவரு எப்படி சார் பதில் சொல்றீங்க?"

"நீங்க தட்டுறதாலதான்."

"அப்ப முழிச்சிட்டீங்கல்ல, திறங்க."

நியாயமான வாதம்தான். ஆனால் திறக்கவில்லை. அவர் போய்விட்டார். இருந்தாலும் உறக்கம் கலைந்தது கலைந்ததுதானே? நாள் ரத்து. செவ்வாய் மீண்டும் மூன்றாம் நாள், மீண்டும் அவர், மீண்டும் அதே நேரம். அவருக்கும் யாரோ அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் போலும். புதன்கிழமை குடையைக் கைத்தடியாக ஊன்றி மெதுநடை போகையில் என் பேராசிரியர் எதிரே வந்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார், கண் கலங்கினார், "ஆறு வருஷத்துல இப்படி ஆயிட்டியேப்பா" என்று ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் கூட்டிப் போனார், மருத்துவர் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு மனநல மருத்துவரின் எண்ணைத் தந்தார். நாள் ரத்து. வியாழனும் வெள்ளியும் வாளி நிரம்பி வழிந்ததில் போயின.

அத்தான் இங்கே வரவில்லை. சனிக்கிழமை பெட்டியோடு வந்து நிற்கவில்லை. இதை இப்படியே எழுதும்படி பக்கத்தில் நின்று சொல்கிறார். வராத அத்தான் பாவம், இளைத்துவிட்டார். ஓய்வு பெற்ற மனுஷனுக்கும் நீங்கள் அட்டவணை போட்டிருக்கிறீர்களாமே.

"காலைல எழுந்ததும் எழுதணுமாம் மாப்ள. சாப்பிட்டுட்டு எழுதணுமாம். எழுதினதத் திருத்தணுமாம். அடிக்குறிப்பு போடணுமாம். முப்பத்தஞ்சு வருஷம் பஸ் ஓட்டினவன் நான், எதுக்கு அடிக்குறிப்பு போடுவேன்?"

"போடலன்னா?"

"உங்க அக்காவ உனக்குத் தெரியாது பாரு. ரெண்டு நோட்டு எழுதி முடிச்சிட்டேன். எல்லா ஸ்டாப்பும் எழுதியாச்சு. எந்த ஸ்டாப்ல யாரு சில்லறைக்குச் சண்டை போட்டாங்கன்னு அடிக்குறிப்பும் போட்டாச்சு. இதுக்கு மேல ரோடு இல்ல மாப்ள."

உங்கள் கண்டிப்பு கணவருக்கும் தம்பிக்கும் ஒன்றுதான் என்று நெகிழ்ந்தேன். நெகிழ்ந்ததில் அந்த நாளும் ரத்து. ஞாயிறு முதல் செவ்வாய் வரை அத்தானின் குறட்டை.

நேற்று, இல்லாத பற்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது பல்கலைக்கழக அலுவலகத்து எழுத்தர் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, முடிச்சிட்டீங்களா?"

"நாலாம் நாள் எழுதுறேன் சார்."

"நாலாம் நாள் எப்ப வரும்?"

"மூணாம் நாள் முடிஞ்சதும்."

"எங்களுக்கு வெள்ளிக்கிழமை தம்பி" என்றார். வைத்துவிட்டார்.

ஆனால் அக்கா, இன்று ஓர் அற்புதம் நடந்துகொண்டிருக்கிறது. தைலம், பற்கள், மெதுநடை, உறக்கம், செய்தித்தாள். ஒன்றும் கெடவில்லை. ரிப்பேர்காரருக்குக் காய்ச்சலாம். அத்தான் நின்றுகொண்டே தூங்குகிறார். இது ஆறாம் பீரியட். இன்னும் ஒன்றே ஒன்றுதான், அதிலும் நான் நிபுணன். தாண்டிவிட்டால் நாளை நான்காம் நாள். காலையில் தொடங்கினால் மாலை ஐந்துக்குள் அத்தியாயத்தை எழுதிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன். வாழ்க்கை சிதறும்போது மனிதனைத் தாங்கிப் பிடிப்பது நல்ல அட்டவணை ஒன்றுதான் என்று முடிவுரையில் உங்களை மேற்கோள் காட்டப்போகிறேன்.

வராத அத்தானின் அன்பும் என் வணக்கமும். உங்கள் மணி என்றும் சரியான நேரத்தில் அடிக்கட்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள தம்பி

பின்குறிப்பு: மணி அடிக்கிறது. வாசல் மணி. கதவுத் துளையில் பார்த்தேன். நீங்கள்தான். அத்தான் விழித்துக்கொண்டு குளியலறைக்குள் புகுந்து தாழிட்டுவிட்டார். "லெட்டரெல்லாம் இன்னைக்குத்தான்டா மொத்தமா வந்துச்சு! எவன்டா உன்ன முழங்காலுக்குத் தைலம் போடச் சொன்னது? அது உங்க அத்தானுக்குடா! கவர் மாறிப்போச்சு! எழுத்து வேலைன்னா பென்சன் படிவம்டா!" என்கிறீர்கள். கதவுக்கு அடியில் ஓர் அட்டை வருகிறது. என்னுடையது. எல்லாக் கட்டங்களிலும் ஒரே வேலை. எழுது, திருத்து, அடிக்குறிப்பு போடு, மறுபடி எழுது.

குளியலறையிலிருந்து சிரிப்புச் சத்தம். பற்களைக் கழுவும் சத்தமும். நிஜமான பல் செட்.

"இப்பவே உக்காந்து எழுதுடா!" என்று கத்துகிறீர்கள். எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், அக்கா. ஆறாம் பீரியட் முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.