முள்ளெலி வராத இலைக்குவியல்

உயர்திரு ‘கூடாரம்’ ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் பிரிட்ஜ்வாட்டரிலிருந்து சந்தாதாரர் கருப்பசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இந்தப் பாழாய்ப்போன குளிரிலும் தாங்களும் குடும்பத்தாரும் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். நான் அப்படி இல்லை. அதற்குக் காரணம் நீங்கள்.

‘இலைகளைக் கூட்டாதீர்கள், முள்ளெலி வந்து குளிர்காலம் முழுக்கத் தூங்கும்’ என்று இலையுதிர்கால இதழில் போட்டீர்கள். மின்வாரியத்தில் ஓய்வுபெற்று மகன் வீட்டுக்கு வந்தவன் நான். கார் ஓட்டத் தெரியாது. அப்போது பகல் முழுக்கப் பேச ஒரு ஆள் கிடையாது. சரி, முள்ளெலியாவது வரட்டுமே என்று பின்பக்கம் இடுப்புயரத்துக்கு இலையைக் குவித்தேன். நீங்கள் எழுதியபடியே பூனைச் சாப்பாடும் வைத்தேன். வந்தது ஸ்கங்க். வாலைத் தூக்கினால் தெருவே நாறும் ஜந்து. குப்பை போட வந்த என் மகன் ஜெயபிரகாஷ் மேலே பீச்சி அடித்துவிட்டது. வீட்டிலிருந்த தக்காளி முழுவதையும் அரைத்துத் தேய்த்தோம், போகலை சார், ரசம் வாசனையும் கூடச் சேர்ந்ததுதான் மிச்சம். மறுநாள் ஆபீஸ்ல மேனேஜரே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாராம். மருமகள் கயல், “மாமா, இனிமே பேக்யார்டு பக்கமே போகாதீங்க”ன்னுட்டா. பனி பெஞ்சுது, குவியல் உறைஞ்சுது, நான் ஜன்னல்ல மூக்கை ஒட்டவச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நேத்து கயல் போன்ல தேடிக் காட்டுறா, அமெரிக்காவுல காட்டு முள்ளெலியே கிடையாதாம்! உங்க கட்டுரை லண்டன்காரங்களுக்கு எழுதினதாம். இல்லாத ஒண்ணுக்கு இத்தனை நாள் காவல் காத்திருக்கேன். “அப்பாவுக்கு இந்த ஊர் ஒத்துக்கலை, டிக்கெட் போட்டுடலாமா”ன்னு மகன் அவகிட்ட கிசுகிசுக்கிறான். எனக்கு அழுகையே வந்துட்டுது.

ஆகவே அடுத்த இதழில், முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில் திருத்தம் போடவும். புத்தி பிசகியது எனக்கல்ல, உங்களுக்குத்தான் என்று என் வீட்டார் அறியட்டும்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
கருப்பசாமி

பி.கு.: திருத்தம் போட வேண்டாம். கவரை ஒட்டும்போது பின்தெரு பிச்சுமணி வந்தார். அவரும் மகன் வீட்டில் கார் இல்லாமல் கிடப்பவர், உங்கள் சந்தாதாரர்தான். குவியல் போட்ட வாரத்திலிருந்து தினமும் முள்ளெலியைப் பார்க்க வருகிறார். இன்று பனியில் வழுக்கி விழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். முள்ளெலியே இல்லை என்று தெரிந்தால் எதற்கு வரப்போகிறார்? டிக்கெட் விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். குல்லாவைக்கூடக் கழற்றாமல், “என்ன ஓய், இன்னும் முழிக்கலையா?” என்றார்.

“மெதுவாப் பேசுங்க, நல்லாத் தூங்குது” என்றேன்.