சவுக்குத் தோப்பிலிருந்து பக்கவாட்டில்

கடலூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மச்சான் உத்திராபதிக்கு,

சிதம்பரத்தில் அனைவரும் நலமென நம்புகிறேன். இங்கே உங்கள் அக்கா ஞானாம்பாளுக்கு முழங்கால் வலி தேவலை. நீங்கள் குழம்பக் கூடாது என்பதால் முதலில் சாரம்:

1. கோல்ஃபில் பொன்னுரங்கத்தை வென்றுவிட்டேன்.
2. வென்றது பக்கவாட்டில் நான் பத்திரமாக அடித்த ஓர் அடியால்.
3. ஆகவே என்னைப் ‘பயந்தாங்கொள்ளி மாமா’ என்று அழைப்பதை நீங்கள் மறுபரிசீலனை செய்யலாம்.

இனி விவரம். ஊட்டிப் போட்டிக்குப் போகும் எங்கள் கம்பெனி ஓய்வுபெற்றோர் அணியில் ஓரிடம் காலி. வருடாவருடம் எனக்குக் கிடைப்பது அடுத்தவர் ஸ்கோரை எழுதும் வேலைதான். இம்முறை அந்த இடத்துக்கு நானும் பொன்னுரங்கமும் மோத வேண்டும் என்றார்கள். கம்பெனியில் என் மேலதிகாரியாக இருந்தவர் அவர். அவரைக் கண்டால் இன்றும் எழுந்து நின்றுவிடுவேன். குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் போடுபவருக்கே வெற்றி; கடைசிக் குழி வரை இருவரும் சமம். அங்கே இருவர் பந்தும் சவுக்குத் தோப்புக்குள் போய்விட்டன. மரங்களுக்கு நடுவே ஒரு சந்து, அதன் வழியே குழியில் நட்ட கொடி தெரிகிறது. “இந்த சந்துல வுட்டா நேரா கொடிதான், பாரு” என்று பொன்னுரங்கம் ஓங்கி அடித்தார். பந்து மரத்தில் பட்டு இன்னும் உள்ளே போனது. “யோவ், மரம் குறுக்க வந்துடுச்சிய்யா!”

நான் காற்றைப் பார்த்தேன், சுள்ளிகளைப் பார்த்தேன், கால் வைத்த இடத்தைப் பார்த்தேன். “தோப்ப வெலைக்கு வாங்கப் போறியா? அடிய்யா!” என்றார். கொடியை மறந்து, பக்கவாட்டில் இருந்த திறந்த புல்வெளியைக் குறிவைத்தேன். ஓர் அடி வீண்தான், ஆனால் வெளியே வந்துவிடலாம். அடித்தேன். பந்து புல்வெளியில் கிடந்தது! அங்கிருந்து கொடியருகே ஒன்று, குழிக்குள் ஒன்று. அதுவரை பொன்னுரங்கம் தோப்பை விட்டு வரவில்லை, குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு வந்து கை கொடுத்து, “மூள இருக்குதுய்யா ஒனக்கு” என்றார். வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் சொல்லாத வார்த்தை, மச்சான். வீடு திரும்பும்போது ஸ்கூட்டரை நாற்பதுக்கு மேல் ஓட்டினேன்.

திருவந்திபுரம் தேவநாதர் உங்கள் அனைவரையும் காக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசி.

அன்புடன்,
வைத்திலிங்கம்

பி.கு.: உறையில் போடும் முன் இதை உங்கள் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். மைதானத்து பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவள். “இன்னாங்க இது? நீங்க அடிச்சது நேரா அந்த சந்துக்குள்ள பறந்துச்சு. மரத்துல டொக்குனு பட்டுத்தான் புல்லுல வந்து வுழுந்துச்சு. நீங்கதான் கண்ண மூடிகினு இருந்தீங்களே!” என்கிறாள். அடிக்கும் கணத்தில் நான் கண்ணை மூடிக்கொள்வது உண்மைதான். ஊட்டிக்குப் போவதில் மாற்றமில்லை. மேலே சாரத்தில் இரண்டாவது மட்டும் தவறு.