உச்சிப்படியில் உட்கார்ந்து கேட்ட ரகசியம்

ஞாயிற்றுக்கிழமை சூரியன் கடலில் இறங்குவதற்குள் துறைமுகத்து வீட்டை வாங்கியே தீருவது என்று ஸ்தமாதிஸ் சபதம் போட்டார்.

யாரிடமிருந்து? சொந்தப் பெண்டாட்டி கலியோப்பியிடமிருந்து!

அந்த ஊரில் வீடு என்றால் பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை நல்ல சட்டையோடு வருவார். சாவி பெண்ணிடம் இருக்கும். கலியோப்பிக்குச் சீதனமாக வந்தது படகுத்துறைக்கு எதிரே இரண்டு அறை வீடு. மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஸ்தமாதிஸுக்கோ பழைய படகு எஞ்சின் வியாபாரம். பதினோரு வயதில் மீன்கூடை சுமந்து, அடிபட்டு மிதிபட்டு மேலே வந்தவர். செத்த எஞ்சினை வாங்கி, "இது சாகலை, மயக்கம்தான்" என்று விற்கத் தெரிந்தவர். அப்படிப்பட்டவருக்குக் கடை வைக்க இடமில்லை என்றால் ரத்தம் கொதிக்காதா?

"நோட்டரிகிட்ட ஒரே ஒரு கையெழுத்து. அவ்வளவுதானே கேக்கறேன்!"

"நானும் ஒண்ணுதானே கேக்கறேன்? தீவுல எங்கம்மா தனியாக் கிடக்கா. கூட்டிட்டு வாங்க."

"உங்கம்மா இங்க வந்தா நான் தீவுக்குப் போயிடுவேன்!"

"அதுவும் நல்ல யோசனைதான்."

மூன்று வருஷமாக இதே பேரம். எதிராளியின் கடைசி விலை தெரியாமல் வாயைத் திறப்பவன் வியாபாரி இல்லை, தர்மகர்த்தா. கலியோப்பியின் கடைசி விலை என்ன? அதைக் கண்டுபிடிக்கத்தான் செவ்வாய்க்கிழமை அவளுடைய பெரியப்பா மகள் ஃபோதினியைப் பிடித்தார்.

"ஞாயித்துக்கிழமை மலையரங்கத்துக்குப் போறோம். நடுவுல இருக்கிற வட்டக்கல்லுமேல அவளை நிறுத்தி, வீட்டை எதுக்குத் தருவேன்னு வாயைப் பிடுங்கு."

"அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? என் அடுப்படியிலேயே பிடுங்கிட்டு வந்து சொல்றேனே?"

"நீ சொன்னா நம்பறதுக்கு நான் என்ன முட்டாளா? என் காதால கேக்கணும்!"

"சேச்சே, உங்களைப் போய் யாராவது முட்டாள்னு சொல்வாங்களா!" என்றாள் ஃபோதினி, ரொம்ப மரியாதையாக.

அந்த அரங்கம் இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷமாக மலைச்சரிவில் குந்தியிருக்கிறது. நடுக்கல்லில் நின்று நீங்கள் பெருமூச்சு விட்டால், உச்சிப்படியில் இருப்பவர் "பாவம், என்ன கஷ்டமோ?" என்பார். அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

"டயர்ல காத்து கம்மியா இருக்கு, நீங்க போங்க" என்று ஸ்தமாதிஸ் வாசலிலேயே கழன்றுகொண்டார். பைன் மரங்களுக்குப் பின்னால் சுற்றி ஏறினார். ஐம்பத்திரண்டு படிவரிசை உயரம். உச்சிக்குப் போனபோது நாக்கு மார்பில் தொங்கியது. குடை அளவு தொப்பி போட்ட ஒரு ஜெர்மன்காரிக்குப் பின்னால் பதுங்கினார்.

கீழே எறும்பு அளவில் இரண்டு பெண்கள். குரலோ காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.

"வீட்டை அவருக்குத்தான் குடுத்துடேன்டி," என்றாள் ஃபோதினி.

"குடுக்கலாம்தான். கேக்கற விதமாக் கேக்கத் தெரியலையே அந்த மனுஷனுக்கு!"

"எப்படிக் கேக்கணும்?"

கலியோப்பி இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உன்கிட்ட மட்டும் சொல்றேன். அம்மாவைக் கூட்டிட்டு வாங்கன்னு நான் கத்தறது சும்மா, ஊர் வாயை மூடறதுக்கு. அம்மா நிஜமா வந்தா என் அடுப்படி என்னுதா? என் சாவி என்னுதா? அவர் மட்டும் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டா, மணி அடிச்சு முடியறதுக்குள்ள கையெழுத்துப் போட்டுடுவேன்!"

ஸ்தமாதிஸ் ஆடிப்போனார். மூன்று வருஷம்! மூன்று வருஷமாக வேண்டாத சரக்கைக் காட்டி வேண்டிய சரக்கை மறைத்திருக்கிறாள். இவள் வியாபாரத்துக்கு வந்திருந்தால் நாம் இன்றைக்கும் மீன்கூடைதான் என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஜெர்மன்காரி பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

சாயங்காலம் துறைமுகத்து மீன் கடை. ஊரே மேஜைகளில் உட்கார்ந்திருந்தது. ஸ்தமாதிஸ் நோட்டரி காகிதத்தை வறுத்த நெத்திலித் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தார். போனை எடுத்தார்.

"உங்கம்மாவைக் கூப்பிடப் போறேன்."

கலியோப்பியின் முள்கரண்டி கீழே விழுந்தது. "ஐயையோ! வேண்டாங்க!"

"கையெழுத்துப் போடு."

"விளையாடாதீங்க! உங்களுக்கு ஏது அவ்வளவு தைரியம்?"

தைரியமா? எண்ணை அழுத்தினார். முதல் மணி அடித்தது. கலியோப்பி பேனாவைத் தேடினாள். இரண்டாம் மணி. கண்ணாடியைத் தேடினாள். மூன்றாம் மணி. கண்ணாடியைத் துடைத்தாள். நான்காவது மணியில் பேனா முனை காகிதத்தைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"ஹலோ?" என்றது தீவு.

இன்னும் ஒரு தள்ளுத்தான் பாக்கி! ஸ்தமாதிஸ் பெண்டாட்டியின் கண்ணைப் பார்த்தபடி, மேஜைக்கு மேஜை கேட்கும்படி முழங்கினார்:

"அத்தை! இனிமே நீங்க தனியா இருக்கக் கூடாது! இங்கேயே வந்து எங்களோட இருந்துடுங்க!"

மீன் கடையே கை தட்டியது. யாரோ ஒரு கிழவர் எழுந்து வந்து, "மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்!" என்று கட்டிக்கொண்டார். கடைக்காரர் ஒரு குடுவை ஒயினை ஓசியில் வைத்துவிட்டுப் போனார். கலியோப்பி பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டாள். ஒரு நெத்திலியை எடுத்து நிதானமாகக் கடித்தாள்.

ஸ்தமாதிஸ் போனோடு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தார். "அத்தை... அவசரமே இல்ல... யோசிச்சு, மெதுவா..."

"யோசிக்க என்ன இருக்கு மாப்பிள்ளை? ஏழு மணிக்குக் கூப்பிடுவீங்கன்னு கலியோப்பி புதன்கிழமையே சொல்லிட்டா. நான் பெட்டி மேலதான் உக்காந்திருக்கேன். மணி ஏழரை ஆகுது, ஏன் இவ்வளவு லேட்டு?"