கடைக்கோடி வீட்டு மழைப் பீப்பாய்

1931-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 14-ஆம் தேதி, சனிக்கிழமை காலை, மலாயாவில் தெப்ராவ் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், எங்கள் லயம் என்னும் வீட்டு வரிசையின் கடைக்கோடி வீட்டில் குடியிருக்கும் ஐயாசாமி என்பவர், என் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு செம்பு மழைத் தண்ணீர் தர மறுத்தார் என்பது குற்றச்சாட்டு. மனுவின் நகல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

வாசகரே, இவரைத் தனிமனிதர் என்று எண்ணிவிடாதீர். இவர் ஓர் இனம். தண்ணீர்த் தரம் பிரிப்போர் என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறேன்.

இவ்வினத்தார் தண்ணீரை வெறும் தண்ணீர் என்று சொல்வதில்லை. கிணற்று நீர் துரு ரகம். ஆற்று நீர் சேற்று ரகம். மழையிலும் முதல் மழை கூரை கழுவிய ரகம், அடுத்தது துணி ரகம், அதற்கும் அடுத்ததே தேநீர் ரகம் என்று வகுத்து, ஒரு மிடறை வாயில் ஊற்றிக் கண்ணை மூடிக் கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, கொப்பளித்துத் துப்பிய பின்பே தீர்ப்பு வழங்குவார்கள். மழைக்காலத்தில் இது வேடிக்கை. வறட்சியில் இதுவே சட்டம். தண்ணீர் குறையக் குறைய ரகங்கள் பெருகுகின்றன. விந்தையல்லவா?

எங்கள் கிணறு வற்றி, அடிநீர் செங்காவியாக வந்த சமயம் அது. பழைய மழைத் தண்ணீர் மிச்சமிருந்தது ஐயாசாமி வாசல் பீப்பாயில் மட்டுமே; நான் செம்புடன் அங்கே போய் நின்றேன்.

"அண்ணே, ஒரு செம்பு குடுங்க. கெணத்துத் தண்ணி பட்டா புள்ளைக்கு ஒடம்பு தடிக்குது. மழத்தண்ணியில குளிப்பாட்டச் சொல்லுச்சு மருத்துவச்சி."

"அலமாக்! டீ ரகத்தயா குளிக்கக் கேக்குற? குடிக்கன்னு கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன் தம்பி."

"சரி, குடிக்கவே குடுங்க."

"இப்ப மாத்திப் பேசுனா எப்படி லா?"

பீப்பாய் மூடியின் மேல் அம்மிக்குழவி ஏறியது.

அந்தப் பீப்பாய் நிறைந்த விதத்தைக் கேளுங்கள். லயம் முழுவதற்கும் ஒரே கூரை. கூரை விளிம்பில் ஒரே தகர ஓடை. அது சாய்ந்திருப்பது கடைக்கோடி வீட்டை நோக்கி. என் தலைக்கு மேல் விழுந்த மழை என் வாசலைக் கடந்து போய் அவருடையதாகிறது. எந்த வாசலில் அது கைமாறுகிறது? இதையே தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணிக்கு மனுவாக எழுதினேன். அவர் அதன் ஓரத்தில், 'தண்ணீர் விஷயம் அறிந்தவரின் எழுத்து மூலமான கருத்து தேவை' என்று குறித்து அனுப்பினார். யாருக்கு? ஐயாசாமிக்கு!

மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கும் இடத்தில், அவரே என்னைத் தட்டிக்கொடுத்தார்.

"ஒன் மனு வந்துச்சு தம்பி. எழுத்து அழகா இருக்கு. விசாரிச்சிக்கிட்டு இருக்கேன்."

"யார விசாரிக்கிறீங்க?"

"என்னயத்தான்."

விசாரணை முடியுமுன் மழை முந்திக்கொண்டது. பீப்பாய் நிரம்பி வழிந்து, வாய்க்காலுக்குப் பாய்ந்தது. என் மனைவி சந்திரமதி, குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, அண்டாவுடன் ஓடி அந்த வழிசலுக்கடியில் வைத்தாள். ஐயாசாமி கோவணத்தோடு வெளியே பாய்ந்தார்.

"ஏம்மா, அது எந் தண்ணி!"

"பீப்பாய் வேணாம்னு துப்புனதுதானே அண்ணே?"

அவர் வழிசலில் ஒரு கை ஏந்திக் குடித்து, கண்ணை மூடினார்.

"இது புது ரகம்," என்றார். "வழிசல் ரகம். குளிக்க மட்டும் ஆகும். எடுத்துக்க."

தடையின்றி ஓடிய தண்ணீருக்கு அனுமதி வழங்கிவிட்டு உள்ளே போனார். குழந்தை அன்று கைகால் உதைத்துக் குளித்தது. உடம்பில் ஒரு தடிப்பும் இல்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் அடுக்களையில், விருந்தாளிக்கு ஒரு பானையும் வீட்டாருக்கு ஒரு பானையும் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு சிரியுங்கள். மனுவுக்கு ஐயாசாமியின் பதில் இன்றுவரை இல்லை. ஆகவே உங்களைக் கேட்கிறேன்: ஒருவர் வெறுஞ்செம்புடன் வாசலில் நின்றால், உங்கள் வாயில் முதலில் வருவது 'எடுத்துக்குங்க' என்பதா, 'எதுக்கு?' என்பதா?

பதில் எழுத்து மூலம், கையொப்பத்துடன் வரவேண்டும். வாய்ச்சொல் ஏற்கப்படமாட்டாது.