ஒரே ஒரு நாள் லீவு

மெயில்காரருக்கு அவசரமாக ஒரு கடிதம் தேவைப்பட்டது. யார் எழுதியது, யாருக்கு எழுதியது என்பதெல்லாம் முக்கியமில்லை. ஏழெட்டு வரி இருந்தால் போதும்.

அலுவலகத்தில் எல்லோரும் அவரை மெயில்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நானூறு பேருடைய மெயிலும் ஒழுங்காகப் போய்ச் சேர்வது அவர் பொறுப்பு. ஒழுங்காகப் போகிற நாட்களில் யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. அன்று வியாழக்கிழமை. புதிய மெயில் சர்வர் ஒன்று வந்திருந்தது. அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கச் சொல்லி மேனேஜர் உத்தரவு.

"ஒரே மூச்சுல பத்தாயிரம் மெயில் அனுப்பிப் பாருங்க. தாங்குச்சுன்னா வெச்சுக்கலாம், படுத்துடுச்சுன்னா திருப்பி அனுப்பிடலாம். நான் மேல மீட்டிங்குக்குப் போறேன்."

"சார், நாளைக்கு ஒரே ஒரு நாள் லீவு..."

"முதல்ல இதைப் பாருங்க" என்று மேனேஜர் படியேறிவிட்டார்.

நாளைக் காலை பத்து மணிக்கு மெயில்காரரின் மகளுக்கு நீச்சல் போட்டி. இதற்கு முன் மூன்று போட்டிகளுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போகவில்லை. மூன்றாவது போட்டியில் மகள் பதக்கம் வாங்கினாள். மனைவி அனுப்பிய படத்தில் அவள் பதக்கத்தைப் பார்க்காமல் கூட்டத்தில் யாரையோ தேடிக்கொண்டிருந்தாள். இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது, "நாளைக்கு வருவியாப்பா?" என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

லீவு கேட்பதில் ஒன்றும் சிரமமில்லை. விடுப்புப் பெட்டி என்றொரு முகவரி உண்டு. அதற்கு மெயில் போட்டால் ஒரு மென்பொருள் வாங்கிக்கொண்டு மேனேஜருக்குத் தகவல் சொல்லும். ஒரு மணி நேரத்துக்குள் மேனேஜர் மறுக்காவிட்டால் விடுப்பு தானாகவே கிடைத்துவிடும். மேனேஜர் மறுப்பதற்கு இதுவரை ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டதில்லை.

மெயில்காரர் கறுப்புத் திரையைத் திறந்தார். பாரம் ஏற்றிப் பார்க்கும் கருவிக்குப் பொத்தானும் கிடையாது, படமும் கிடையாது. எந்தக் கடிதம், யாருக்கு, எத்தனை தடவை என்று ஒரே வரியில் தட்டினால் வேலை முடிந்தது. எந்தக் கடிதம் என்று யோசித்தபோது கண்ணெதிரே கிடந்தது அவருடைய லீவு லெட்டர். மகளிடம் சொல்லிவிட்டு மூன்று போட்டிகளுக்குப் போகாததையெல்லாம் அதில் எழுதி, மறுபடியும் பயன்படுமே என்று தேதியை மட்டும் காலியாக விட்டு வைத்திருந்தார். அதையே கொடுத்தார். பெறுநர் என்ற இடத்தில் சோதனைப் பெட்டியின் முகவரியைத்தான் போட நினைத்தார். ஆனால் அந்த லெட்டரைக் கண்டதும் விரல்கள் தாமாகவே விடுப்புப் பெட்டியின் முகவரியைத் தட்டிவிட்டன. எத்தனை வருடப் பழக்கம்!

எண்டர்.

ஆயிரம், மூவாயிரம், ஏழாயிரம் என்று எண்கள் ஓடின. நான்கே நிமிடத்தில் பத்தாயிரமும் போய்ச் சேர்ந்தது. சர்வர் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. மெயில்காரர் பெருமையோடு உட்கார்ந்து வரைபடமெல்லாம் போட்டு அறிக்கை எழுதினார். அதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

அறிக்கையை அனுப்பத் தன் மெயிலைத் திறந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'உங்கள் ஒரு நாள் விடுப்பு அனுமதிக்கப்பட்டது' என்று பத்தாயிரம் மெயில்கள். மேனேஜர் இன்னும் மீட்டிங்கில் இருந்தார்.

தேதி இல்லாத கடிதத்தை மென்பொருள் இன்றைய தேதியில் எழுதிக்கொள்ளும். இன்று நிரம்பிவிட்டால் நாளை, நாளையும் நிரம்பினால் மறுநாள். கடைசிக் கடிதத்தின் விடுப்பு இருபத்தேழு வருடம் கழித்து வந்தது. அவருக்கு அப்போது எழுபது வயது ஆகியிருக்கும்.

ஆனால் மெயில்காரர் பதறுகிற ஆள் இல்லை. பத்தாயிரத்தை ஏற்றிய கருவிக்கு இறக்கவும் தெரியாதா என்ன? 'விடுப்பு ரத்து' என்று தலைப்பிட்டு, அதையும் பத்தாயிரம் தடவை அனுப்பினார். கையோடு கீழே இறங்கி, வாசலுக்கு வெளியே தனிக் கட்டடத்தில் இருந்த பணியாளர் பிரிவுக்கு ஓடினார்.

"மேடம், என் லீவெல்லாம் ரத்தாயிடுச்சான்னு கொஞ்சம் பாருங்க."

பணியாளர் பிரிவு மேடம் திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மெயில்ல ரத்து பண்ண முடியாதே சார். விடுப்புன்னு எது வந்தாலும் இது புது லீவாத்தான் எடுத்துக்கும்."

"அப்போ இப்போ எவ்வளவு காட்டுது?"

"எல்லாம் சேர்த்து அம்பத்து நாலு வருஷம், ஒம்பது மாசம்." மேடம் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல ஏதாவது பிரச்சினையா சார்?"

மெயில்காரர் மேனேஜரைத் தேடித் திரும்பி ஓடினார். வாசலில் அட்டையைக் காட்டினார். கதவு திறக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

"லீவுல இருக்கீங்கன்னு காட்டுது சார்" என்றார் காவலாளி.

"நான்தான் உங்க முன்னாடியே நிக்கிறேனே அண்ணே!"

"எனக்குத் தெரியுது. மெஷினுக்குத் தெரியணுமே. லீவுல இருக்கறவங்களை உள்ள விடக் கூடாது சார். யாராவது உள்ளேயிருந்து வந்து கையெழுத்துப் போட்டா விசிட்டரா விடலாம். அதுதான் ரூல்."

ரூல் என்னவென்று மெயில்காரருக்கு நன்றாகவே தெரியும். விடுப்பு மென்பொருளையும் வாசல் கதவையும் போன வருடம் இணைத்து வைத்தவர் அவரேதான். அன்று எல்லோரும் கைதட்டினார்கள்.

மீட்டிங் முடிந்து மேனேஜர் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை மெயில்காரர் வெயிலில் நின்றார். மேனேஜர் வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டார்.

"வந்த காரணம்னு ஒரு கட்டம் இருக்கு சார்" என்றார் காவலாளி.

"காரணம் அவருக்கே தெரியும்" என்றார் மேனேஜர்.

கழுத்தில் விசிட்டர் அட்டையோடு தன் சொந்த அலுவலகத்துக்குள் போன மெயில்காரர், மேனேஜர் அறையில் தலைகுனிந்து நின்றார். வேலை போய்விட்டது என்றே முடிவுகட்டியிருந்தார். மேனேஜர் இருபதாயிரத்தில் ஒரு மெயிலைத் திறந்தார். இத்தனை வருடத்தில் அவர் தலைப்பைப் பார்த்து மறுத்திருக்கிறாரே தவிர, உள்ளே திறந்து படிப்பது இதுதான் முதல் தடவை.

"மூணு தடவை ஏமாத்திட்டீங்களா பாப்பாவை?"

"நான் ஏமாத்தலை சார்..."

மேனேஜர் மெயிலை மூடினார். மூன்று தடவையும் மறுத்தவர் அவர்தானே.

"சரி, நாளைக்குப் போயிட்டு வாங்க. ஆனா ஞாயித்துக்கிழமை வந்து இந்த இருபதாயிரத்தையும் அழிச்சாகணும். வேலை நாள்ல அந்த மெஷினை நிறுத்த முடியாது. அன்னைக்கு ஆபீஸ்ல ஒரு ஈ காக்கா இருக்காது, நானும் ஊர்ல இல்லை. நிம்மதியா உட்கார்ந்து பண்ணுங்க. திங்கக்கிழமை காலையில ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

"ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வந்துடறேன் சார்!" மெயில்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலையில் அவர் வாசலில் விசிட்டர் அட்டையைக் கழற்றும்போது போன் அடித்தது. மகளின் நீச்சல் மாஸ்டர்.

"என்ன சார், உங்களைப் பிடிக்கவே முடியலையே? குளத்துல மோட்டார் ரிப்பேர். போட்டியை ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளி வெச்சாச்சு. மத்தியானத்துலேருந்து ஏழு மெயில் போட்டுட்டேன். பெட்டி நிறைஞ்சிருக்குன்னு எல்லாம் திரும்பி வருது."

மெயில்காரர் காவலாளியின் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஞாயிறு என்றால் அவருக்கு லீவே தேவைப்பட்டிருக்காது. சும்மா கிடந்த ஞாயிற்றுக்கிழமையைத் தன் வாயாலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மேனேஜரிடம் இன்னொரு தடவை கேட்க முடியுமா? எந்த முகத்தோடு கேட்பது?

"நாலாவது தடவை அண்ணே" என்று காவலாளியிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். "அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்? ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு நான் உள்ள உட்கார்ந்து லீவை அழிச்சுக்கிட்டு இருப்பேன்."

காவலாளி அட்டையை வாங்கி ஆணியில் மாட்டினார். நோட்டில் வெளியே போன நேரத்தை எழுதி, நிதானமாக மூடி வைத்தார்.

"அது எப்படி சார்? ஞாயித்துக்கிழமை உங்களுக்குக் கையெழுத்துப் போட உள்ள ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. லீவுல இருக்கறவரை நான் எப்படி உள்ள விடுவேன்?"