மடக்கினால் மனைவி, நீட்டினால் மாமியார்

டாட்டூக்காரர் காலை நீட்டச் சொன்னார். டைல்ஸ்காரர் மடக்கியே வைத்திருந்தார்.

"அண்ணே, நின்னுக்கிட்டு இருக்கும்போதுதான் படத்தை ஒட்டிப் பார்க்கணும். முட்டித் தோல் ஒரு மாதிரி. மடக்கினா இழுத்துக்கும், நீட்டினா சுருங்கிக்கும்."

"தம்பி, டைல்ஸ் எப்படிக் கிடக்கப் போகுதோ அப்படி வெச்சுத்தான் அளவு எடுக்கணும். என் முட்டி காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மடங்கியேதான் கிடக்கும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தரை போடும்போது இடது முட்டி கீழே ஊன்றியிருக்கும். வலது முட்டி மேலே தூக்கி, மோவாய்க்கு ஒரு சாண் கீழே நிற்கும். பிழைப்பு தொடங்கிய நாள் முதல் தன் முகத்தைவிட அந்த வலது முட்டியைத்தான் அவர் அதிகம் பார்த்திருக்கிறார். மனைவியின் முகம் எப்போதும் கண்முன்னால் இருக்க வேண்டும் என்றால் அதைவிடத் தோதான இடம் உடம்பில் கிடையாது. கையில் குத்தினால் சிமெண்ட் தின்றுவிடும். மார்பில் குத்தினால் சட்டை மூடிவிடும்.

முகம் கண்முன்னால் இருக்க வேண்டிய அவசியம் என்னவென்றால், நிஜ முகம் வீட்டைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு பேச்சில், "நீ வரவர உங்க அம்மா மாதிரியே ஆயிட்டே" என்று சொல்லிவிட்டார். மாமியாரின் குணத்தைச் சொன்னாரா, முகத்தைச் சொன்னாரா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. எதைச் சொல்லியிருந்தாலும் அலமாரிக்கு மேலே இருந்த பெட்டி கீழே இறங்கியிருக்கும். இறங்கிவிட்டது. மாதக் கடைசியில் வந்து கூட்டிக்கொண்டு போகும்படி அவளுடைய அப்பா அம்மாவுக்கும் தகவல் போய்விட்டது. போனால் திரும்பி வரப்போவதில்லை என்று அவள் சொல்லவில்லை. ஆனால் குளிர்காலத்துப் போர்வையையும் சேர்த்து மடித்து வைத்திருந்தாள்.

பரிசு வாங்கிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவாள். தோலில் குத்தியதை யாராலும் திருப்ப முடியாது. இப்படி யோசித்துத்தான், அவளுடைய கைப்பையின் உள்ளறையிலிருந்து அவளது சின்ன வயதுப் படத்தை நைசாக உருவிக்கொண்டு, டைல்ஸ்காரர் இந்தக் கடைக்கு வந்திருந்தார்.

முழங்காலில் பச்சை குத்த நினைப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது, அங்கே தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது என்பதை. ஊசி இறங்கியதும் டைல்ஸ்காரருக்குத் தன் பேர் மறந்துபோயிற்று. மனைவியின் மூக்கு முடிவதற்குள் இரண்டு தரம் தண்ணீர் கேட்டார். காது வந்தபோது, ஒரு காது போதாதா என்று விசாரித்தார்.

ஆனால் படம் பிரமாதமாக வந்தது. எதிரே இருந்த ஆளுயரக் கண்ணாடியில், மடக்கிய முட்டியிலிருந்து அவள் இளமையாக, சிரித்த முகமாக எட்டிப் பார்த்தாள். டைல்ஸ்காரர் திருப்தியுடன் எழுந்து நின்றார்.

கண்ணாடியில் அவள் இல்லை. கன்னம் தொங்கி, கண்ணுக்குக் கீழே பை கட்டி, நெற்றியில் நாலைந்து கோடு விழுந்து, சிரித்த வாயின் இரு முனையும் கீழே இறங்கி, அவருடைய மாமியார் நின்றுகொண்டிருந்தார். தன்னை அறியாமல் டைல்ஸ்காரர் "வாங்க அத்தை" என்று சொல்லிவிட்டதாக டாட்டூக்காரர் பிற்பாடு பலரிடம் சொன்னார்.

இதை அழித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அழிக்க முடியாது, மேலே ஏதாவது சேர்க்கத்தான் முடியும், அதுவும் புண் ஆறிய பிறகு என்று பதில் வந்தது.

"அதுவரைக்கும் காலை மடக்காதீங்க. நீட்டியே வெச்சிருங்க. மடக்கினா தோல் வெடிச்சுடும்."

"நீட்டினா என் குடும்பம் வெடிச்சுடும், தம்பி."

வீடு வந்தவர் வாசலைக் குனிந்தபடியே தாண்டினார். வலது கால் மடங்கியபடி, இடது காலில் நொண்டி, கூடத்து நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் அரைக்கால் சட்டையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார்.

மனைவி வெகுநேரம் பார்த்தாள். பிறகு தரையில் அமர்ந்து, இன்னும் கிட்டத்தில் பார்த்தாள்.

"அப்போ நான் எவ்வளவு ஒல்லியா இருந்திருக்கேன், பாருங்க. கண்ணு அப்படியே என் கண்ணு."

அன்றைக்கே போர்வை பெட்டியிலிருந்து வெளியே வந்தது. மற்ற துணிகள் வரவில்லை. அப்பா அம்மா வரட்டும், இதைப் பார்க்கட்டும், அப்புறம் முடிவு செய்யலாம் என்றாள். வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்று டைல்ஸ்காரர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் அன்று காலையில்தான் கண்ணாடியில் பார்த்திருந்தார்.

அதன்பிறகு வீட்டில் அவர் நிற்கவே இல்லை. காலை நீட்டவே கூடாது என்று டாட்டூக்காரர் கண்டித்துச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். சாப்பாடு நாற்காலிக்கு வந்தது. குளியலறைக்கு வாத்து மாதிரி குந்தியபடியே போய்வந்தார். தூங்கும்போது கால் தானாக நீண்டுவிடக் கூடாதே என்று முட்டிக்கடியில் இரண்டு தலையணையைத் திணித்து, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டார். புண் ஆறுவதற்குப் பதில் முட்டியின் மடிப்பெல்லாம் வெடித்தது. கோடுகள் இருந்த இடத்தில் பள்ளங்கள் விழுந்தன. நீட்டிப் பார்த்தால் மாமியாருக்கு இன்னும் பத்து வயது கூடியிருந்தது.

ஒருவழியாகப் பொருக்கு உதிர்ந்ததும் மறுபடி கடைக்கு ஓடினார். நெற்றிக் கோடுகளை மறைக்க முன்னால் ஒரு சுருள்முடியை இறக்கிவிடலாம் என்றார் டாட்டூக்காரர். இறக்கினார். மடக்கியபோது மனைவிக்கு அது அவ்வளவு அழகாக இருந்தது. நீட்டியபோது சுருள்முடி மடிப்புக்குள் போய், ஒற்றைப் புருவமாக உயர்ந்து நின்றது. அதுவரைக்கும் அத்தை சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கேள்வி கேட்கவும் ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலை அத்தையும் மாமாவும் வந்து இறங்கினார்கள்.

டைல்ஸ்காரர் நாற்காலியிலிருந்தபடியே வரவேற்றார். முட்டியைச் சுற்றித் தடிமனாகத் துணிக்கட்டு போட்டிருந்தார். மாப்பிள்ளைக்கு எழுந்து நின்று "வாங்க" என்று சொல்லக்கூடவா மனசு வரவில்லை என்று அத்தை வாசலிலேயே கேட்டார். மாமா பேசி யாரும் அதிகம் பார்த்ததில்லை; மூலையில் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார். மனைவி தேநீர் போட உள்ளே போனாள். அம்மா கொஞ்சம் ஆசுவாசப்படட்டும், அப்புறம் கட்டைப் பிரித்துக் காட்டலாம் என்று கணவனின் காதில் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

முட்டிவலி என்றதும் அத்தையின் கோபம் இறங்கிவிட்டது. காரணம், உலகத்தில் முட்டிவலியைப் பற்றி அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. சொந்த முட்டியிலேயே பல வருஷம் கற்றது. கைப்பையிலிருந்து தைலத்தை எடுத்தார். வேண்டாம் அத்தை, இப்போது பரவாயில்லை, தானாகப் போய்விடும் என்று டைல்ஸ்காரர் சொல்லச் சொல்லக் கட்டு பிரிந்துகொண்டே வந்தது.

"மடக்கியே வெச்சிருந்தா நரம்பு பிடிச்சுக்கும், மாப்பிள்ளை. வெடுக்குன்னு இழுத்து விட்டாத்தான் சரிவரும்."

வெடுக்கென்று இழுத்தார். கால் நீண்டது.

அத்தை முட்டியைப் பார்த்தார். முட்டி புருவத்தை உயர்த்தி அத்தையைப் பார்த்தது. தைலப் புட்டி கையிலிருந்து நழுவி உருண்டு போயிற்று.

"என் வயித்துல பிறந்த பிள்ளைகூட எனக்கு இப்படிப் பண்ணினதில்லையே, மாப்பிள்ளை" என்றார் அத்தை.

டைல்ஸ்காரர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட மனுஷனை விட்டுவிட்டு என் பெண் எங்கேயும் வரக்கூடாது, பெட்டியை நானே மேலே தூக்கி வைக்கிறேன் என்றார். டைல்ஸ்காரர் வாயை மூடிக்கொண்டார். பிரச்சினை தீர்ந்துவிட்டது. இனி ஆயுசு முழுக்க மனைவி பக்கத்தில் இருந்தால் உட்கார வேண்டும், அத்தை வந்தால் நிற்க வேண்டும், இருவரும் ஒரே அறையில் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; அவ்வளவுதான் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே தேநீர்த் தட்டுடன் மனைவி வந்துவிட்டாள்.

"பார்த்தியாடி, உன் புருஷன் யார் மூஞ்சியைக் குத்திட்டு வந்திருக்கார்னு?"

"யார் மூஞ்சியா? என் மூஞ்சிம்மா."

"உன் மூஞ்சியா? கண்ணைத் திறந்து பாரு."

பார்த்தாள். தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். டைல்ஸ்காரர் அவசரமாகக் காலை மடக்கினார். அத்தை, என்னைக் காணோமே என்று இழுத்து நீட்டினார். மனைவி பிடித்து மடக்கினாள். கொஞ்ச நேரம் அந்த வீட்டில் ஓர் எண்ணெய் போடாத கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது.

கடைசியில் மனைவிதான் விட்டாள்.

"எனக்கு இப்போ எல்லாம் புரிஞ்சுபோச்சு. மடக்கினா நானு. எழுந்து நின்னா எங்கம்மா. வாயால சொன்னது போதாதுன்னு, மனசுல இருக்கிறதை முட்டியிலேயும் குத்திட்டு வந்திருக்கீங்க."

"சத்தியமா தோல் பண்ற வேலைடி. நான் குத்தினது உன்னைத்தான். உன்னை மட்டும்தான்."

"அது எனக்குத் தெரியும். என் மூஞ்சி எனக்குத் தெரியாதா? உங்களுக்குத்தான் நானும் எங்கம்மாவும் ஒண்ணாத் தெரியறோம்."

"என்னை மாதிரி இருந்தா உனக்கு என்னடி குறைச்சல்?" என்று கேட்டார் அத்தை. மகள் போய்ப் பெட்டியை இழுத்தாள். போர்வையை எடுத்தாள். அதை மடிக்கும் விதத்தைப் பார்த்ததும் டைல்ஸ்காரர் நாற்காலியிலிருந்து இறங்கினார். வலியோடு வலியாகக் காலை மடக்கி, மனைவி முகம் தெரியும்படி கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, போகாதே என்று கெஞ்சினார்.

அப்போதுதான் மூலையிலிருந்த நாற்காலி நகர்ந்தது. மாமா எழுந்து வந்தார். மாப்பிள்ளையின் முன்னால் குனிந்து, மடங்கிய முட்டியை வலப்பக்கமிருந்து பார்த்தார், இடப்பக்கமிருந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"எதுக்கும்மா சண்டை? ரெண்டுமே உங்க அம்மாதான். நீட்டினா இப்போ இருக்கிறவ, மடக்கினா நான் கட்டிக்கிட்டப்போ இருந்தவ."