மொட்டைமாடித் தீவு

"யாராவது மோட்டாரை நிறுத்துங்களேன்" என்று கத்த வாயெடுத்த லிஃப்ட் மெக்கானிக், தீவில் இருப்பவன் கத்தினால் வீட்டுக்குக் கேட்காது என்பது நினைவுக்கு வந்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

தீவு என்றால் வேறெதுவும் இல்லை, மொட்டைமாடி அறைதான். ஒரு கட்டில், ஒரு வாளி, வாளியில் கட்டிய நீளமான கயிறு. அவர் அதில் குடியேறி முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

நிஜத் தீவு மூன்று நாள் படகுப் பயணம். மாதத்துக்கு ஒரே படகு. போன் எடுக்காது. அங்கே ஜெனரேட்டரையும் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினையும் ஒரு வருஷம் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்ள ஆள் தேடியது ஒரு தொண்டு நிறுவனம். இருபத்துநாலு வருஷமாக டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு லிஃப்ட் குழிக்குள் இருட்டில் கிடந்த மனுஷர் இவர். நாலு பக்கமும் கடல், தலைக்கு மேலே வெறும் வானம் என்றதும் ஆசை பிடித்து ஆட்டியது. எழுதிப்போட்டார், தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வருகிறேன் என்று வெள்ளிக்கிழமைக்குள் உறுதி சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் இடித்தது.

"நான் இல்லாம இந்த வீடு ஓடுமா?" என்றார் மனைவியிடம்.

"ஓடும்."

"நீ சுலபமாச் சொல்லிடுவே."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. திங்கள்லேர்ந்து அஞ்சு நாள் மாடி ரூம்ல இருங்க. அதான் தீவுன்னு வச்சுக்குங்க. இறங்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, போனை என்கிட்ட குடுத்துடணும். சாப்பாடு வாளியில வரும். ஒரே ஒரு லெட்டர் போட்டுக்கலாம். நாங்க ஒழுங்கா ஓட்டிட்டா நீங்க நிம்மதியாக் கிளம்பலாம்."

"ஓட்டலைன்னா?"

"போக வேணாம்."

இப்போது திங்கட்கிழமை காலை பத்து மணி. டேங்க் நிரம்ப நாலு விரற்கடைதான் இருந்தது. மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வழிந்தால் வீடு முதல் நாளே தோற்றது என்று அர்த்தம். அப்புறம் கடலாவது வானமாவது. மெக்கானிக்குக் கையும் காலும் பரபரத்தன.

'கீழே இறங்கக் கூடாதுன்னுதானே பேச்சு? வால்வைத் தொடக் கூடாதுன்னு யார் சொன்னா?'

மேலே ஏறும் குழாயின் வால்வை இறுக்கி மூடினார். தண்ணீர் நின்றது. கீழே 'டப்' என்று ஒரு சத்தம்.

"ஐயோ, பாத்ரூம் பக்கத்துல பைப் பிச்சுக்கிச்சே" என்று மனைவியின் குரல் கேட்டது. "மோட்டாரை நிறுத்தத்தானே வந்தேன், அதுக்குள்ள இப்படிப் பீச்சி அடிக்குது."

'பாத்தியா, நான் ஏறி ஒரு மணி நேரம் ஆகலை' என்று மெக்கானிக் தன்னிடமே சொல்லிக்கொண்டார்.

பிளம்பர் வந்தார். கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் குந்தியபடி காதைத் தீட்டிக்கொண்ட மெக்கானிக்குக்கு, பாவம், அந்த ஆள் தண்ணீருக்குள் நின்று வேலை செய்கிறாரே என்றிருந்தது. டேங்கிலிருந்து வீட்டுக்குப் போகும் குழாயையும் மூடிவிட்டால் அவருக்கு வசதி. மூடினார்.

வீட்டுக்குள்ளே மாமனார் குளித்துக்கொண்டிருந்தார்.

"அம்மாடி, தண்ணி நின்னுபோச்சும்மா. கண்ணெல்லாம் சோப்பு" என்று அவர் அலறியது மாடிவரை கேட்டது.

மெக்கானிக் பதறி ஓடினார். பதற்றத்தில் கைக்கு எந்த வால்வு கிடைத்ததோ அதைத் திறந்தார். கிடைத்தது முதல் வால்வு. குழாய் நெடுக அடைபட்டு நின்ற தண்ணீர் மொத்தமும் சரசரவென்று இறங்கி, கீழே வாயைப் பிளந்திருந்த இணைப்பு வழியாகப் பிளம்பரின் முகத்தில் கொட்டியது.

"யாருங்க மேல?" என்றார் பிளம்பர், முகத்தை வழித்துக்கொண்டு.

"யாருமில்லை" என்றாள் மனைவி. "அவர் தீவுல இருக்கார்."

கொஞ்ச நேரத்தில் மாமனார் தலை நிறைய நுரையும் இடுப்பில் துண்டுமாகத் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குக் குளிக்கப் போனார். மாப்பிள்ளை மேலிருந்து பார்த்தார். பெரிய மனுஷரை இந்தக் கோலத்தில் தெருவில் நடக்க விட்டுவிட்டார்களே, நான் கீழே இருந்திருந்தால் இது நடக்குமா என்று பொருமினார்.

மறுநாள், இருந்த ஒரே கடிதத்தையும் செலவழித்தார். மோட்டாரை நிறுத்தும் முறை, கேஸை மூடும் முறை, கதவைச் சாத்தும் முறை என்று பதினாலு பக்கம். வாளியில் இறக்கினார். மத்தியானம் சோற்றோடு பதில் ஏறி வந்தது: 'படித்தோம். சாப்பிடுங்கள்.'

ஒரு 'ஐயோ'கூட இல்லாத பதில். குடும்பம் இடிந்துபோயிருக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார்.

புதன்கிழமை மகளுக்கு இன்டர்வியூ. படிப்பை முடித்து முதல் வேலைக்கு லேப்டாப்பில் பேசிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகக் குரல் வந்தது.

"சார், உங்க குரல் விட்டு விட்டு வருது. ஒரு நிமிஷம் சார்."

மெக்கானிக் கட்டிலை விட்டு எழுந்தார். பெற்ற பெண்ணின் பிழைப்பு. அவர் தொழிலில் எந்தக் கோளாறுக்கும் முதல் மருந்து, ஒருமுறை அணைத்துப் போடுவது. மெயின் சுவிட்ச் மாடிப்படி வளைவில் இருந்தது. நாலே நாலு படி.

'கடல்ல கால் நனைக்கிறவன் தீவை விட்டுப் போயிட்டான்னு யாரும் சொல்ல மாட்டாங்க' என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இறங்கி, சுவிட்சை அணைத்து, பத்து எண்ணிப் போட்டார். இன்னும் உறுதியாக இருக்கட்டும் என்று இன்னொரு தடவையும் அணைத்துப் போட்டார். இரண்டாம் தடவை சுவிட்ச் 'படக்' என்று பொரிந்து, வீடு முழுக்கக் கரண்ட் போனது.

"அம்மா" என்றாள் மகள். அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது.

அடுத்த நிமிஷம், மகள் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். பின்னாலேயே மனைவி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மாமனாரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

குடும்பமே வீட்டை விட்டு வெளியேறுவதைப் பார்த்து மெக்கானிக் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். நிஜமாகவே அழுதார். மேலே வானம் அகலமாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆசையா குடும்பமா என்றால், குடும்பம்தான்.

வியாழக்கிழமை காலை பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். மூவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள்.

"நான் போகலை" என்றார்.

மனைவியின் முகம் சட்டென்று வெளிறியது. "என்னங்க இப்படிச் சொல்லிட்டீங்க? பைப் சரியாயிடுச்சு. கரண்டு வந்துடுச்சு. எதிர்வீட்லேர்ந்து பேசி இவளுக்கு வேலையும் கிடைச்சிடுச்சு. நல்லாத்தாங்க ஓடுது."

"எனக்காகச் சொல்றே. மேல நான் இருந்ததால இத்தோட போச்சு."

"அப்பா, ப்ளீஸ்ப்பா" என்றாள் மகள். கண் கலங்கியிருந்தது. "உங்க எத்தனை வருஷத்து ஆசைப்பா."

மாமனார் எழுந்துவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி உடும்புப்பிடியாக இருந்தது. "மாப்பிள்ளை, எங்களுக்காக நீங்க தியாகமெல்லாம் பண்ணக் கூடாது. நாங்க எப்படியோ பல்லைக் கடிச்சுக்கறோம். நீங்க போயிட்டு வாங்க."

மெக்கானிக் கையை விடுவித்துக்கொண்டார். இப்படித் தங்கமான மனுஷர்களை விட்டுவிட்டா கடல் பார்க்கப் போவது? மேசை மேலிருந்த போனை எடுத்தார்.

"கொஞ்சம் யோசிச்சுப் பண்ணலாங்க" என்று மனைவி போனைப் பிடுங்கப் பார்த்தாள். அவர் நகர்ந்துகொண்டு எண்ணை அழுத்தினார்.

தொண்டு நிறுவனத்தில் ஒரு பெண் எடுத்தாள்.

"மன்னிச்சுக்கங்க மேடம்" என்றார் மெக்கானிக், கண்ணைத் துடைத்தபடி. "எனக்கு அந்தத் தீவு வேணாம். ரொம்பத் தூரம். நான் இல்லாம என் வீட்ல ஒருத்தராலயும் ஒரு நாள்கூட இருக்க முடியலை."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அப்படியா சார்? நேத்து சாயங்காலம் உங்க வீட்டம்மா போன் பண்ணி, இதைவிடத் தூரமா வேற தீவு எதுவும் இருக்கான்னுல்ல கேட்டாங்க?"